கணுக்கால் அளவுத் தண்ணீர்

இது நடந்தது. நம்புங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வார இதழில் பயணப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் ஓர் ஊர். போக வேண்டும், திரும்பி வந்து நானூறு வார்த்தை எழுத வேண்டும். அந்த வாரம் போக வேண்டியது ஒரு தீவின் தெற்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர். துறைமுகம் வரை போனேன். காற்று அதிகம். இரண்டு நாள் படகு விடவில்லை. மறுநாள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும்.

ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"போட்டோ வந்திருக்குல்ல, அப்புறம் என்ன. எழுதிடுங்க," என்றார். "ஆனா 'நான்'னு எழுதுங்க. 'போகலாம், பார்க்கலாம்'னு எழுதினா பாடப்புத்தகம் மாதிரி இருக்கும்."

அந்த ஊரில் ஒரே ஒரு விடுதி. விடுதிக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். பொறுமையான மனிதர். நாற்பது நிமிடம் பேசினார். ஊருக்கு எதிரே கடலில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது, தண்ணீர் வற்றும்போது மணல்மேல் நடந்தே அங்கே போகலாம் என்று சொன்னார். ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"வத்திக்கிட்டு இருக்கும்போதே போயிட்டு, முழுசா வத்துறதுக்குள்ள கரைக்கு வந்துடணும். கரைப் பக்கம்தான் பள்ளம். தண்ணி திரும்பினா முதல்ல பின்னாடிதான் மூடும். நடுவுல நிக்கிறவனுக்குத் தெரியாது."

குறித்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது அந்தக் குறிப்பு உறுத்தியது. என் பக்கத்தில் யாரும் அவசரமாக நடப்பதில்லை. வாசகர்களுக்கு என்னிடம் பிடித்ததே அந்த நிதானம்தான். எழுதினேன்:

'தண்ணீர் முழுவதும் வற்றும்வரை காத்திருந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்தேன். கணுக்கால் அளவுத் தண்ணீர், அவ்வளவுதான். பயப்பட ஒன்றும் இல்லை. வாருங்கள்.'

ஏழு வாரம் கழித்து ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் ஆறு வரிச் செய்தி. அந்த மணல் வழியில் ஓர் அப்பாவும் ஒன்பது வயது மகளும் மூழ்கிப் போனார்கள். வெளியூர்க்காரர்கள். எதைப் படித்துவிட்டு அங்கே போனார்கள் என்று செய்தியில் இல்லை. அது இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள ஆறு வரியையும் பலமுறை படித்தேன்.

திருத்தம் போடச் சொல்லவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் அந்த இதழ் நின்றுபோனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

போன வருடம் எங்கள் இருபதாவது கல்யாண நாளுக்கு என் மனைவி என்னைக் கேட்காமலே அந்தத் தீவுக்குப் படகுச் சீட்டு வாங்கி, விடுதியில் அறையும் சொல்லிவிட்டாள். இதழின் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாளாம். நான் எழுதியதிலேயே அவளுக்குப் பிடித்தது அதுதானாம்.

"அப்ப என்னைக் கூட்டிட்டுப் போகலைல்ல. இப்பக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். "சீட்டு ஜன்னல் பக்கம்தானே?" என்று கேட்டேன்.

படகு பகல் 11.20க்குக் கரை சேர்ந்தது. குளிர்காலம்தான், ஆனால் சட்டைக்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. காற்றுக்குப் பயந்த ஊர். வீடுகள் குட்டையாக, சுவர்கள் தடிப்பாக இருந்தன. மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. நான் எழுதிய ஊரில் மரங்கள் நேராக இருந்தன.

விடுதியில் ஆறு அறை. இப்போது அதை நடத்துவது விடுதிக்காரரின் மனைவி. கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது என்றார். எனக்கு மறுபடியும் அந்தக் கேவலமான நிம்மதி வந்தது. என் குரலைத் தெரிந்த ஒரே ஆளும் இல்லை.

"முன்னாடி வந்திருக்கீங்களா?" பதிவேட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"பதினோரு வருஷம் முன்னாடி," என்றாள் என் மனைவி பெருமையாக. "இங்கதான் தங்கினார். எந்த ரூம்ங்க?"

"மாடியில," என்றேன். "ஜன்னலைத் திறந்தா கடல்."

"எங்க ஜன்னல்ல தெரியறது பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டிங்க. அப்பவும் அதேதான்."

"இவருக்கு எந்தத் தண்ணியப் பார்த்தாலும் கடல்தான்," என்றாள் மனைவி. அவள் மட்டும் சிரித்தாள்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனா நின்றுவிட்டது. வெகு நேரம் பார்த்தார். பிறகு சாவியை என் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துத் தள்ளினார்.

"நரைச்சுட்டீங்க," என்றார்.

எனக்குப் புரியவில்லை. வேறு யாரோ என்று நினைக்கிறார் போல. அதுவும் நல்லதுக்குத்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

12.40. ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனோம். ஒரு சந்தில் தரையில் உட்கார்ந்து ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். நாங்கள் கிட்டே வந்ததும் தலை தூக்கினார். ஊசியைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

ஒரு சின்னக் கடையில் என் மனைவி ரப்பர் செருப்பு வாங்கினாள். எனக்கும் ஒரு ஜோடி கேட்டாள்.

"அவருக்கு எதுக்கு?" என்றார் கடைக்காரப் பெண். என்னைப் பார்க்காமல் சொன்னார். "வெறுங்கால்லதானே போவார். செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு."

வெளியே வந்ததும் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "பாருங்க, ஊரே உங்களை ஞாபகம் வெச்சிருக்கு. நீங்க என்னமோ சும்மா ஒரு நாள்தான் இருந்தேன்னு சொன்னீங்க."

வராத ஆளை ஒரு ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். அடுத்த படகு மறுநாள் காலைதான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அது வாயில் வரவில்லை.

3.10. அறை.

"இன்னிக்கு 3.55க்கு முழுசா வத்துதாம். படகுத்துறையில எழுதிப் போட்டிருந்தாங்க," என்றாள். "4 மணிக்கு மேல கிளம்பலாமா? நீங்க எழுதின மாதிரியே."

"தலைவலி."

"ஐயோ. ரொம்பவா?"

"நாளைக்குக் காலையில போகலாம்."

நாளைக் காலை ஏதாவது தோன்றும். படகுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். திரையை இழுத்துவிட்டாள். "தூங்குங்க. நான் கீழ உக்காந்திருக்கேன்." கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

தலைவலி பொய். தூக்கம் உண்மையாகவே வந்தது.

விழித்தபோது 4.41.

அறையில் அவள் இல்லை. கீழே கூடத்தில் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அந்தப் பிளாஸ்டிக் உறை கிடந்தது. உள்ளே பக்கம் இருந்தது. வாசலில் அவளுடைய புதுச் செருப்பு இல்லை.

விடுதிக்கார அம்மா கொல்லைப் பக்கமிருந்து துணிக்கூடையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். கூடை கையிலிருந்து நழுவியது.

"நீங்க..." என்றார். "இப்பத்தானே அவங்களோட போனீங்க?"

"எங்க?"

"திட்டுக்கு. 4.15 இருக்கும். போகாதீங்கன்னு நான் கத்தினேன். நீங்க சிரிச்சீங்க. அவங்க கை ஆட்டினாங்க."

ஓடினேன்.

4.52. கரை. அங்கே ஒரு பலகை நட்டிருந்தார்கள். அச்சடித்த எழுத்தில்: 'மணல் வழியில் செல்ல வேண்டாம்.' அதன் கீழே கையால், பெயிண்டில்: 'யார் முன்னே நடந்தாலும்.'

பலகைக்கு அப்பால் மணல் ஒரு நீளமான முதுகு போலக் கடலுக்குள் போனது. முக்கால் தூரத்தில் அவள். பச்சைத் துப்பட்டா காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு முன்னால், பத்தடி தள்ளி, ஓர் ஆள்.

வெறுங்கால். கையில் செருப்பு.

நிதானமாக நடந்துகொண்டிருந்தான்.

கரையை ஒட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. காலை வைத்தேன். முழங்கால். இழுத்தது. அவளுக்குத் தெரியாது. அவள் நிற்கும் இடத்தில் மணல் காய்ந்து கிடந்தது.

"திரும்பி வா," என்று கத்தினேன்.

அவள் திரும்பிக் கரையைப் பார்த்தாள். கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். பிறகு முன்னால் போகிறவனைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள். அவள் கணவன் முன்னால் போகிறான். கரையில் நின்று யாரோ கத்துகிறான்.

"நான்தான்... நான் இங்க இருக்கேன்."

அவள் நிற்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு தடவையும் நான் முழுக் குரலில் கத்தவில்லை. பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். விடுதிக்கார அம்மா, கடைக்காரப் பெண், வலை பின்னியவர், இன்னும் நாலைந்து பேர். அவர்கள் எதிரில் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று என் மனம் வார்த்தை தேடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தொடை வரை வந்துவிட்டது. நான் வாக்கியம் திருத்திக்கொண்டு நின்றேன்.

அப்போது அவன் திரும்பினான்.

முகம் தெரியவில்லை என்று எழுதினால் எனக்குச் சுலபம்.

தெரிந்தது.

என் முகம். இன்றைய முகம் இல்லை. அந்த இதழில் என் பெயருக்கு மேல் வாரா வாரம் அச்சான சின்னப் படத்தில் இருந்த முகம். கறுத்த தலை. அதே பக்கவாட்டுச் சாய்வு. அதே சிரிப்பு.

அவளைப் பார்த்து வாருங்கள் என்பதுபோல் கையை நீட்டினான்.

5.01.

"நான் இங்க வந்ததே இல்ல," என்று கத்தினேன்.

தொண்டை கிழிந்தது.

"வந்ததே இல்ல. போன்ல கேட்டு எழுதினேன். அத்தனையும் பொய். தப்பா எழுதிட்டேன். ரெண்டு பேர் செத்துட்டாங்க. நான்தான் எழுதினேன்."

இன்னும் ஓரடி தண்ணீருக்குள் வைத்தேன்.

அவன் நின்றான்.

ஒரு கால் தூக்கியபடியே நின்றான்.

பாதியில் விட்ட வரி மாதிரி.

அவள் என்னைப் பார்த்தாள்.

திரும்பி முன்னால் பார்த்தாள்.

அங்கே... மணல் மட்டும்.

அவள் ஓடி வந்தாள். பள்ளத்தின் அந்தக் கரைக்கு வந்தபோது நடுவில் தண்ணீர் என் மார்பு உயரம். வலை பின்னியவர் கயிற்றின் நுனியில் ஒரு மிதவையைக் கட்டி வீசினார். முதல் வீச்சு தப்பியது. இரண்டாவதை அவள் பிடித்தாள். ஏழு பேர் இழுத்தார்கள். நானும் இழுத்தேன். கரை ஏறியபோது மணி 5.21. ஒரு செருப்பு போயிருந்தது.

யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அறையில் அவள் விடுதிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, ஆசிரியர், நாற்பது நிமிடப் பேச்சு, ஆறு வரிச் செய்தி. பக்கத்து வீட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரோ வந்து குழாயை மூடினார்கள்.

"அப்போ," என்றாள் மெதுவாக. "மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டது யாரு?"

"எப்போ?"

"4 மணி தாண்டி. தலைவலி போயிடுச்சு போலன்னு நினைச்சேன். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்துச்சு. முகம் சரியாத் தெரியல. குரல் உங்க குரல்."

"என்ன சொன்னான்?"

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் கை கம்பளியை இறுக்கியது.

"பயப்பட ஒன்றும் இல்லை, வாருங்கள்னு சொன்னீங்க. வாங்கன்னு இல்ல, வாருங்கள்னு. ஏதோ விளையாட்டுன்னு சிரிச்சேன். வழி முழுக்க அப்படித்தான். கணுக்கால் அளவுத் தண்ணீர், அவ்வளவுதான்... எல்லாம் அதுல இருக்கிற வரி. நான் வேற எதாவது கேட்டா சிரிப்பு மட்டும்தான்."

"உனக்குச் சந்தேகமே வரலையா?"

"வரல." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ரொம்ப நாளைக்கு அப்புறம் நீங்க எங்கிட்ட சந்தோஷமா இருந்த மாதிரி இருந்துச்சு."

அந்தப் பதினோரு வருடத்தில் நான் வீட்டில் எப்படி இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை படகுத்துறை வரை விடுதிக்கார அம்மா கூடவே வந்தார். எங்களை வழியனுப்ப இல்லை. நாங்கள் படகு ஏறுவதைக் கண்ணால் பார்க்க என்று நினைக்கிறேன். கட்டையில் உட்கார்ந்து அவராகவே சொன்னார்.

"அந்த அப்பாவும் பொண்ணும் போனப்ப கரையில மூணு பேர் சிப்பி பொறுக்கிட்டு இருந்தோம். நானும் இருந்தேன். போனது ரெண்டு பேர் இல்ல, மூணு பேர். முன்னால ஒரு ஆள் போனார். நான் போகாதீங்கன்னேன். அந்த ஆள்தான் திரும்பிச் சிரிச்சார். போலீஸ்ல சொன்னோம். மூணாவது உடம்பை ஒன்பது நாள் தேடினாங்க. யாரும் காணாமப் போகலைன்னு விட்டுட்டாங்க."

"அதுக்கப்புறம்?"

"ரெண்டு தடவை. ஒரு தடவை ஒரு வாத்தியார், தனியா வந்தவர். இன்னொரு தடவை புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. அதுக்கப்புறம்தான் பலகை."

ஐந்து பேர். எனக்கு இரண்டு பேரைத்தான் தெரியும். ஆறு வரிச் செய்திக்கு அப்புறம் நான் அந்த ஊர்ப் பெயர் வரும் எந்தச் செய்தியையும் படித்ததில்லை.

படகு ஊதியது. என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட போன்ல பேசும்போது நான் பக்கத்துல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார். "சரியாத்தான் சொன்னார். ரெண்டு தடவை சொன்னார். அச்சுல வந்ததைப் படிச்சதும், நான் தப்பாச் சொல்லிட்டேனா, நான் தப்பாச் சொல்லிட்டேனான்னு கேக்க ஆரம்பிச்சவர்தான். ஏழு வருஷம் கேட்டார். நீங்க சரியாத்தான் சொன்னீங்கன்னு நானும் ஏழு வருஷம் சொன்னேன். கடைசி வரைக்கும் நம்பல."

நான் அவர் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் அது அவருக்கு எதற்கு.

ஊர் திரும்பியதும் எனக்குத் தெரிந்த ஒரு நாளிதழில் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். சரியான நேரம், பள்ளம் எந்தப் பக்கம், நான் போகவில்லை என்பது, எல்லாம். எட்டு வரி. போட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவருடைய கணவரின் படத்துக்குக் கீழே ஒட்டிவைத்திருப்பதாகக் கடைக்காரப் பெண் போனில் சொன்னார். முடிந்தது என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு மாலை 6.05க்கு விடுதியிலிருந்து போன் வந்தது. அந்த அம்மாதான். நலம் விசாரிக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரம்மா வீட்டுல இருக்காங்களா?"

"இருக்கா. சமையலறையில."

"கண்ணால பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அந்த ஆள் இப்பவும் வர்றார்," என்றார். "கடல் ரொம்ப தூரம் வத்துற அன்னிக்கெல்லாம். முன்ன மாதிரி திட்டுப் பக்கம் போறதில்ல. ஊருக்குள்ள வர்றார். வாசல் வாசலா நிக்கிறார். அந்தப் பழைய பேச்செல்லாம் பேசறதில்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறார்."

"என்ன?"

"ஒரு பேர் சொல்லி, அவ எங்க போயிட்டான்னு கேக்கறார்."

அந்தப் பெயரைச் சொன்னார்.

அது என் மனைவியின் பெயர் இல்லை. விடுதிப் பதிவேட்டில் இருக்கும் பெயரும் இல்லை. கல்யாணமான முதல் மாதத்தில் நான் அவளுக்கு வைத்த பெயர். வீட்டுக்குள் மட்டும், நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது கூப்பிடுவது. அவளுடைய அம்மாவுக்கே தெரியாது. அந்த ஊரில் நான் அதைச் சொல்லவில்லை. எங்கேயும் எழுதியதில்லை.

இப்போது நான் எதை எழுதினாலும் முதலில் அவள் படிக்கிறாள். எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு. இதையும் படித்தாள். என் பொய், என் நிம்மதி, கரையில் நான் குரலை அடக்கிக் கத்தியது, எதையும் தொடவில்லை. இருக்கட்டும் என்றாள்.

நான் எழுதியிருந்த அந்தப் பெயரை மட்டும் அடித்தாள். பேனாவை அழுத்தி, தாள் கிழியும்வரை அடித்தாள்.

"இதை மட்டும் எழுதாதீங்க," என்றாள். "எழுதினா இங்க வரைக்கும் வர அவனுக்குத் தைரியம் வந்துடும்."